சன்னலோரப் புறாவும் ஒரு கூமுட்டையும்

"பாட்டி, புறா முட்டை மேலயே உக்காந்திருக்கு. எந்திரிக்கவே மாட்டேங்குது. என்ன பண்ணுது அது?"

என் மகனுக்கு அப்போது 5 வயது. போனின் அந்தப் பக்கம் என் மாமியார். அது குரல் அழைப்பு, வீடியோ இல்லை. அதனால் அவருக்குப் புறாவும் தெரியாது, முட்டையும் தெரியாது. பேரன் சொன்னதை வைத்துத்தான் அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"அடை காக்குதுடா கண்ணு. முட்டைக்குச் சூடு வேணும்ல, அதுக்குத்தான் மேலயே படுத்துக் கெடக்கு."

போனை வைத்ததும் அவன் என்னிடம் ஓடிவந்து, "சத்தம் போடாதம்மா, அடை காக்குது" என்றான். அன்று இரவுக்குள் அந்தச் சொல்லைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான். தலையணை மேல் உட்கார்ந்துகொண்டு, அக்கா கேட்டபோது, "தர மாட்டேன், நான் அடை காக்கறேன்" என்றும் சொல்லிப் பார்த்தான்.

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. அதற்கு முன் ஆறு மாதமாகக் கதவுக்குப் பின்னால் ஒரு பறவைப் படத்தாள் தொங்கிக்கொண்டிருந்தது. 24 பறவைகள், கீழே 24 பெயர்கள். விரலை வைத்தால் பெயர் சொல்வான். மயில், கிளி, புறா என்று ஒப்பித்துவிட்டு விளையாடப் போய்விடுவான். பெயர்கள் கையில் இருந்தன. அவற்றை வைத்து யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டிய சேதி எதுவும் அவனிடம் இருக்கவில்லை. ஏசியின் வெளிப்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சோடிப் புறா நாலு சுள்ளியைக் கொண்டுவந்து போட்ட பிறகுதான் சேதி வந்தது. அந்தச் சேதியைக் கண்ணால் பார்க்க முடியாத ஒரு பாட்டி இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அதைப் புரிந்துகொண்ட பிறகு ஒரு மாதத்துக்கு வீடியோ அழைப்பே வேண்டாம் என்று வைத்துவிட்டேன். வீடியோவில் போனைத் திருப்பி, "இதோ பாருங்க" என்றால் முடிந்தது. வாய்க்கு வேலை இல்லை.

புறாவின் கூட்டைக் கூடு என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். அவ்வளவு அசட்டையாகக் கட்டும். பத்திருபது குச்சி, கொஞ்சம் வயர் துண்டு, அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகளோடு உட்கார அதைவிட வசதியான பறவை கிடையாது. கிட்டத்தட்ட எல்லா நகரத்திலும் இருக்கிறது. மனிதர்களைப் பார்த்து அதிகம் மிரளாது. இதன் முன்னோர்கள் பாறை விளிம்புகளில் கூடு கட்டியவை. கட்டட விளிம்பும் அதற்குப் பாறை விளிம்புதான். பெரும்பாலும் இரண்டு வெள்ளை முட்டை. குஞ்சு வெளிவர 18 நாள் வாக்கில் ஆகும். அதன் பிறகு பறக்க ஒரு மாதம். சுள்ளியில் தொடங்கிக் கடைசிப் பறத்தல் வரை ஏழு வாரம், நாளுக்கு ஐந்து நிமிடம். எந்தப் பாடத்திட்டம் போட்டாலும் இப்படி அமையாது.

முதல் வாரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவை பெரும்பாலும் வினைச்சொற்கள். இது நான் எதிர்பாராதது. சொல் கற்றுக்கொடுப்பது என்றால் பெயர் கற்றுக்கொடுப்பது என்றுதான் எனக்கு ஒரு நினைப்பு. ஆனால் பெயர் இரண்டு நாளில் தீர்ந்துபோகிறது. புறா, கூடு, முட்டை, சுள்ளி, அலகு, இறகு என்று எண்ணிப் பார்த்தாலும் எவ்வளவு தேறும்? பறவை செய்துகொண்டே இருப்பதற்குத்தான் சொல் தேவைப்படுகிறது. கொத்துகிறது, கோதுகிறது, தத்துகிறது, சிலிர்க்கிறது, செருகுகிறது. 'கோது' என்ற வினையை நானே வாய்விட்டுச் சொல்லிப் பல வருடம் ஆகியிருக்கும். "இறகைச் சொறிஞ்சுக்குது" என்று அவன் சொன்னபோது, "ஆமா, அலகால கோதிவிடுது" என்றேன். திருத்தும் தொனி வராமல், அவன் சொன்னதை ஆமோதித்து அதே மூச்சில் சரியான சொல்லை வைத்துவிட்டுப் போவது. ஏழு வாரத்தில் நான் கற்ற ஒரே கற்பித்தல் உத்தி என்றால் இதுதான். மறுநாள் குளித்துவிட்டு வந்த அக்காவிடம் போய், "தலையைக் கோதிவிடவா?" என்று கேட்டான்.

பறவைகளின் ஒலிக்குத் தமிழில் தனித்தனி வினைகள் இருப்பது பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த விஷயம். காகம் கரையும், குயில் கூவும், மயில் அகவும், ஆந்தை அலறும், கூகை குழறும், புறா குனுகும். சன்னலோரம் உட்கார்ந்து கேட்டபோதுதான் இந்தச் சொற்கள் காதால் செய்யப்பட்டவை என்று எனக்கு உறைத்தது. குனுகுதல் என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். தொண்டைக்குள்ளேயே உருளும். 'அகவு' என்பதை இழுத்தால் மயில் வந்துவிடும். 'கரையும்' மட்டும் எங்களுக்குச் சிக்கல் கொடுத்தது. "காக்கா கரையுது" என்று நான் சொன்னதும் மகன் பதறிவிட்டான். சோப்பு மாதிரி கரைந்து போய்விடுமா என்று. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கலாம் என்பதை அதைவிட நன்றாக விளக்க எனக்கு வாய்ப்பே கிடைத்திருக்காது.

இன்னொன்றை அவன்தான் கண்டுபிடித்தான். "அம்மா, புறா வாயைத் திறக்காமலே பேசுது."

உண்மைதான். குனுகும்போது புறாவின் அலகு மூடியே இருக்கும். கழுத்துதான் உப்பும். நாமும் வாயை மூடிக்கொண்டு என்னென்ன ஒலி வருகிறது என்று பார்த்தோம். ம் வந்தது. க வரவில்லை. அப்புறம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ம்ம்ம் என்று சொல்லச் சொன்னேன். ஒலி அப்படியே நின்றுபோனது. அவனுக்குத் தாங்க முடியாத சிரிப்பு. மூக்கைப் பிடித்தால் நின்றுபோகிற ஒலிகளைத் தேடி ந், ண், ஞ் என்று அரை மணி நேரம் ஓடியது. பெரியவளுக்கு 8 வயது. மெல்லினம் என்ற பெயர் ஏற்கெனவே தெரியும். அது மூக்கின் வேலை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கும் அப்படித்தான் என்று வையுங்கள்.

கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடு சன்னல் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்ததால் உள்ளே பார்க்க முடியவில்லை. கைப்பிடி வைத்த ஒரு சின்னக் கண்ணாடியை நீளமான மர அளவுகோலில் கட்டிக் கம்பி வழியாக நீட்டினோம். ஒரு நாளைக்கு ஒரு முறை, பத்து எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று விதி. ஆணும் பெண்ணும் முறை வைத்துத்தான் அடை காக்கும். நடுப்பகலில் பெரும்பாலும் ஆண், மற்ற நேரம் பெண். ஆள் மாறும்போது கிடைக்கிற இடைவெளிதான் எங்கள் நேரம். அந்தப் பத்து நொடியில் பார்த்ததை அன்று மாலை பாட்டிக்குச் சொல்ல வேண்டும். குறைவாகப் பார்த்தால் அதிகம் பேசுகிறார்கள் என்பது விசித்திரம்தான்.

அதே கண்ணாடிதான் பிறகு நாக்கைப் பார்க்கவும் பயன்பட்டது. மகனுக்கு ல, ள, ழ மூன்றும் அப்போது ஒன்றாகவே வரும். அலகும் அழகும் அவன் வாயில் ஒன்றுதான். "புறாவோட அளகு அளகா இருக்கு" என்பான். நான் மூன்று சொல்லை எடுத்துக்கொண்டேன்: கிலி, கிளி, கிழி. கண்ணாடியில் நாக்கு நுனியைப் பார்க்கச் சொன்னேன். ல-வுக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் போய்த் தொடும். ள-வுக்கு மடங்கி மேலே அண்ணத்தைத் தொடும். ழ-வுக்கு மடங்கும், ஆனால் எங்கேயும் தொடாது. வாயைப் பிளந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவன் சொன்னான்: "ல கீழ்க்கிளையில உக்காருது. ள மேல்கிளையில உக்காருது. ழ மட்டும் உக்காராமப் பறந்துக்கிட்டே இருக்கு."

நான் எத்தனையோ விளக்கம் படித்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

சொன்னானே தவிர, அவனுக்கு ழ வந்துவிடவில்லை. இன்னும் பல மாதம் ஆனது. ழ தாமதமாக வருவது சின்னப் பிள்ளைகளிடம் சாதாரணம். வாய்க்கு வருவதற்கு முன் காதுக்கு வர வேண்டும். நான் கிளி என்றால் கையைச் சிறகு மாதிரி அடிப்பான், கிழி என்றால் பழைய செய்தித்தாளைக் கிழிப்பான், கிலி என்றால் போர்வைக்குள் ஒளிவான். ஒரு வாரத்தில் மூன்றையும் பிழையில்லாமல் பிரித்துக் கேட்டான். சொல்லும்போது மூன்றும் கிளிதான். பரவாயில்லை என்று விட்டேன். வீட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்குப் பிள்ளையின் பேச்சே புரியவில்லை என்கிற அளவுக்கு இருந்தால் அது வேறு. அதற்குப் பேச்சுப் பயிற்சியாளரிடம்தான் போக வேண்டும், புறாவிடம் இல்லை.

ர, ற விஷயத்தில் நான் தோற்றுப்போனேன். பேச்சில் என் வாயிலேயே இரண்டும் ஒன்றாகத்தான் ஒலிக்கிறது. இல்லாத வேறுபாட்டை எப்படிக் கேட்கச் சொல்வது? எழுத்தில் மட்டும் ஒரு குறுக்குவழி செய்தேன். பற, பறவை, இறகு, இறக்கை, சிறகு, புறா, பறப்பதற்கு எல்லாம் வல்லின ற என்று பெரியவளிடம் பெருமையாகச் சொன்னேன். "அப்ப குருவியும் பருந்தும் நடந்தா போகுது?" என்றாள். விதியை அங்கேயே கைவிட்டேன். ஆனால் அந்தச் சண்டையால் எட்டுச் சொல்லின் எழுத்தும் அவளுக்குப் பதிந்துவிட்டது.

குஞ்சு பொரிப்பதற்கு எந்த ர என்பதிலும் பெரியவர்களே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். இடையின ர-தான். "முட்டை பொரியப் போகுது" என்று பாட்டி சொன்ன அன்று மகன் அடுப்பங்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். வாணலியில் பொரிவதற்கும் கூட்டில் பொரிவதற்கும் ஒரே எழுத்து. இந்த வேடிக்கையை நினைத்துக்கொண்டால் பிழை வராது.

18-ஆம் நாள் ஒரு குஞ்சு வந்தது. கண் திறக்காமல், மஞ்சள் பஞ்சு ஒட்டிய உடம்போடு, அழகென்று சொல்ல முடியாத ஒரு பிராணி. இன்னொரு முட்டை அப்படியே கிடந்தது. இருபது நாள் ஆயிற்று, இருபத்திரண்டு ஆயிற்று. மகன் தினமும் பாட்டிக்கு அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவர் சொன்னார்: "அது பொரியாது கண்ணு. கூமுட்டை."

அவன் போனை என் கையில் திணித்துவிட்டுக் கண்ணைக் கசக்கினான். "பாட்டி முட்டையைத் திட்டுறாங்க."

அவனுக்கு அது வசவு. விளையாட்டில் யாரோ யாரையோ அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறான். கரு வளராமல் உள்ளே கூழாகிப்போன முட்டைதான் கூழ்முட்டை, அது வாயில் தேய்ந்து கூமுட்டை ஆகிவிட்டது என்று விளக்கினேன். பறந்துகொண்டிருந்த ழ-தான் இங்கே காணாமலே போய்விட்டது என்று சேர்த்துச் சொன்னேன். அதை அவன் காதில் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அது ஒண்ணும் தப்புப் பண்ணலியே" என்றான். இதற்கு என்னிடம் பதில் இல்லை. சொல்லைக் கற்றுக்கொடுக்கப் போய்ச் சொல்லின் அநியாயத்தையும் கற்றுக்கொடுக்க வேண்டிவந்தது.

நான் செய்த பெரிய தவறு இதற்குப் பிறகுதான். எல்லாம் நன்றாகப் போகிறதே என்று நாலாவது வாரம் ஒரு தாளில் 20 சொல் எழுதி, பொருள் கேட்டு, சரிக்குறி போட்டேன். இரண்டு நாள் அவன் சன்னல் பக்கமே வரவில்லை. கூப்பிட்டால், "நீ கேள்வி கேப்ப" என்றான். மூன்றாம் நாள் அவன் முன்னாலேயே அந்தத் தாளை எடுத்தேன். "கிளி, கிளி" என்று குதித்தான். கிழித்தேன். திருத்தவில்லை.

பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலியும் எங்களுக்குச் சரிப்படவில்லை. மெர்லின் நல்ல செயலி, பெரியவர்களுக்கு அருமையானது. பிள்ளைகள் கையில் கொடுத்தால் பறவையை விட்டுவிட்டுத் திரையில் எந்தப் பெயர் மினுக்குகிறது என்று பார்க்கிறார்கள். அதற்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடியில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏழு பேரை உட்காரவைத்து, இரண்டு நிமிடம் கண்ணை மூடச் சொன்னேன். காதில் விழுந்ததை அவரவர் வாயாலேயே சொல்ல வேண்டும், பிறகு எழுதிக் காட்ட வேண்டும். சிட்டுக்குருவி என்ன சொல்கிறது என்பதில் பெரிய சண்டை. 'கீச்' என்றான் ஒருவன். இல்லை, 'சிலிப்' என்றாள் இன்னொருத்தி. 'ச்சிப்' என்று எழுதியவனிடம், மெய்யெழுத்தில் சொல் தொடங்கலாமா என்று என் மகள் கேட்டாள். "குருவிக்கு இலக்கணம் தெரியாது" என்று பதில் வந்தது. காக்கா என்பதில் முதல் கா-வும் க்கா-வும் ஒரே மாதிரி வன்மையாக ஒலிக்கிறது, காகம் என்றால் மட்டும் நடுவில் க மெலிந்து வேறு ஒலியாகிறது, எழுத்து ஒன்றுதானே என்று கேட்டதும் அந்தப் பிள்ளைகள்தான். தமிழ் படித்த பெரியவர்கள் பலருக்கும் இந்தக் கேள்வி தோன்றியிருக்காது.

அதே காதைத்தான் பெயர்களில் வைத்தோம். மாடம், புறா, சேர்த்துச் சொன்னால் மாடப்புறா. நடுவில் ஒரு ப் வந்து உட்கார்கிறதே, கேட்கிறதா? குருவி, கூடு, குருவிக்கூடு. க் போடாமல் சொன்னால் கூடு மெலிந்துபோகிறது, போட்டால் அழுத்தமாக நிற்கிறது. வலி மிகும் இடங்களைப் பட்டியலாகப் படித்துக் கஷ்டப்பட்ட எனக்கு, ஏழு பிள்ளைகள் அதைக் காதாலேயே கண்டுபிடித்ததில் கொஞ்சம் பொறாமை. சிட்டுக்குருவிக்கு அடைக்கலக்குருவி என்றும் பெயர் உண்டு, வீட்டில் வந்து அடைக்கலமாகத் தங்குவதால் என்றதும் ஆளாளுக்குப் பெயர் வைக்க ஆரம்பித்தார்கள். தண்ணீர்க் குழாய் ஓட்டையில் கூடு வைத்தது குழாய்க்குருவி. எங்கள் வீட்டது ஏசிப்புறா. தவறாமல் எல்லாரும் ஒற்று மிகச் சொன்னார்கள்.

அன்று ஒருவன் கேட்ட கேள்வியைச் சொல்லாமல் இருக்க முடியாது. குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும், காக்கைதான் குயில் குஞ்சை வளர்க்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "காக்கா அம்மா வளர்த்தா, அது ஏன் கா-ன்னு கத்தல?" குயிலினத்துக்குக் கூவல் பிறவியிலேயே இருக்கிறது, கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. புறாவும் அப்படித்தான். ஆனால் பாடும் பறவைகள் பலவற்றின் குஞ்சுகள் பெரிய பறவைகள் பாடுவதைக் கேட்டு, முதலில் குழறி, மெல்லத் திருத்திக்கொள்ளும். கிளியும் கேட்டுக் கற்கும் இனம்தான். "அப்ப நான் கிளியா, குயிலா?" என்றான் அவன். கிளிப்பிள்ளை என்றேன். பறவைக் குஞ்சைப் பிள்ளை என்றும் பார்ப்பு என்றும் சொல்லலாம் என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறது என்பதையும் சொன்னேன். பார்ப்பு யாருக்கும் பிடிக்கவில்லை. பிள்ளை நிலைத்துவிட்டது. எங்கள் வீட்டில் இப்போதும் அது புறாப்பிள்ளைதான்.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கூட்டையும் முட்டையையும் தொடக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். குஞ்சு பறக்கத் தயாராகும் கடைசி வாரத்தில் கிட்டவே போகக் கூடாது என்பது பலருக்குத் தெரியாது. மிரண்டால் சிறகு முற்றுவதற்கு முன்பே குதித்துவிடும். அந்த வாரம் நாங்கள் கண்ணாடியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, திரைச்சீலைக்குப் பின்னால் நின்று கேட்க மட்டும் செய்தோம். கேட்பதற்கு நல்ல வாரம் அது. அம்மா அப்பா வந்து இறங்கினால் குஞ்சின் கீச்சு மாறும், அந்த மாற்றத்தை வைத்தே யாரோ வந்துவிட்டார்கள் என்று மகன் சொல்லிவிடுவான். புறா எச்சம் காய்ந்து தூளானால் நுரையீரலுக்குக் கெடுதல். கூடு காலியான பிறகு பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, முகக்கவசமும் கையுறையும் போட்டு, தண்ணீர் தெளித்து நன்றாக நனைத்த பிறகே சுரண்டி எடுக்க வேண்டும். உலர்வாகப் பெருக்கவே கூடாது. வீட்டில் ஆஸ்துமா இருப்பவர்கள் இருந்தால் சன்னலோரக் கூடு வேண்டாம். மரத்திலோ எதிர்க் கட்டடத்திலோ தூரத்தில் இருக்கும் கூடே போதும். சேதி சொல்வதற்குத் தூரம் தடையில்லை.

கூடு காலியாகி மூன்று வாரம் கழித்து அதே விளிம்பில் மறுபடி ஒரு புறா வந்தது. அதுதானா, வேறா, தெரியாது. கழுத்தை உப்பவைத்துக்கொண்டு இன்னொன்றைச் சுற்றிச் சுற்றி வந்து, தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி எழுப்பியது. வாலை விரித்துத் தரையில் இழுத்தபடி போனது. மகன் போனோடு சன்னலுக்கு வந்தான்.

"பாட்டி, வந்திருச்சு. சுத்துது. கழுத்தை உப்பிக்கிட்டுக் குனுகுது. அப்புறம்..." வாயைத் திறந்து மூடினான். திரும்பி என்னைப் பார்த்தான். எனக்கும் சொல் கிடைக்கவில்லை.

"இருங்க பாட்டி, இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டுச் சொல்றேன்."